பழைய சித்திரக்கதை வீரர்களும் புதிய தொகுப்புகளும்

உடும்பஞ்சோலை வட்டத்துச் சாந்தன்பாறையிலும் பூப்பாறையிலும், ஏலத்தோட்டங்களை நம்பிப் போடிமெட்டு வழியே மலையேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது. ஆயினும், மலையாள வழியில் பயிலும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிப்பது கடினமாக இருக்கிறது. முன்தலைமுறையினரில் பலருக்குப் படிக்கும் பழக்கத்தை ஊட்டியவை பாடநூல்கள் மட்டுமல்ல. சிவகாசியிலிருந்து வந்த மெல்லிய சித்திரக்கதைப் புத்தகங்களும் அதில் பங்கு கொண்டவை. அக்கதைகள் இப்பொழுது கெட்டி அட்டையிட்ட தொகுப்புகளாக மீண்டும் வெளிவருகின்றன. ஐம்பது வயதைக் கடந்தவர் அவற்றை மறுபடி படித்தால் என்ன காண்பார் என்பதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972-இல் வெளிவந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. தமிழ்ப் பெயர் பூண்ட இவ்வீரனின் பிறப்பிடம் இங்கிலாந்து. வேலியண்ட் என்னும் சிறுவர் வார இதழில் 1962-இல் இவன் தோன்றினான். கென் பல்மர் கதையைத் தொடங்கினார்; பின்னர் டாம் டல்லி எழுதினார்; படங்களை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்தப்பெற்ற லூயி கிராண்டேல் என்பவன், மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து போகிறான். எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. இக்கற்பனையின் எளிமையே அதன் வலிமை.

தொகுப்பைப் படிப்போர் முதலில் வியப்பது ஒன்றுண்டு. நம் நினைவில் நல்லவனாகவே நிற்கும் மாயாவி, தொடக்கத்தில் நல்லவனல்லன். கிடைத்த ஆற்றலைத் தீய வழியில் செலுத்தியவன் அவன். நீதியின் பக்கம் திரும்பியது பிற்பாடுதான். லயன் காமிக்ஸ் 1984-இல் தொடங்கியபின் தமிழில் பெரும்புகழ் பெற்ற ஸ்பைடரும் அப்படியே. குற்றவாளிகளுக்கெல்லாம் மன்னனாக வேண்டும் என்பதே அவனது முதல் ஆசை. அவன் கதைகளுள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர் இவரே. குணம் மாறாத வீரனைப் படைத்தவரே, குணம் மாறும் வில்லனையும் எழுதினார். தனித்தனி இதழ்களாகக் கிடைத்ததை முன்பின்னாகப் படித்தபோது இம்மாற்றம் நமக்குப் புலப்படவில்லை. வரிசையாகக் கோத்த தொகுப்பில் அது தெளிவாகத் தெரிகிறது.

தொகுப்பினால் ஒரு குறையும் வெளிப்படுகிறது. வார இதழில் ஒரு தவணைக்குச் சில பக்கங்களே இடம். ஆகவே ஒவ்வொரு தவணையின் முடிவிலும் நாயகன் ஆபத்தில் சிக்கியாக வேண்டும். அடுத்ததன் தொடக்கத்தில் முன்கதையைச் சொல்லியாக வேண்டும். ஏழு நாள் காத்திருந்தவனுக்கு அது விருந்து. ஒரே மூச்சில் இருநூறு பக்கம் படிப்பவனுக்கோ அலுப்பு. இது ஆசிரியரின் பிழையன்று. படிக்கும் வேகம் மாறியதன் விளைவு.

மறுபதிப்பு என்பது பழைய அச்சை அப்படியே எடுத்து மறுபடி அடிப்பதாகாது. மூல ஓவியங்கள் கிடையாதபோது அச்சான பழைய தாள்களையே ஒளிப்படமெடுத்துக் கறைகளை நீக்க வேண்டும். உரிமை யாரிடம் உள்ளது என்பதும் தெளிய வேண்டும். இப்பழைய பிரிட்டிஷ் கதைகளின் உரிமை பல கைகள் மாறி, 2016-இலும் 2018-இலும் ரெபெல்லியன் என்னும் நிறுவனத்தை வந்தடைந்தது. 2021-இல் மாயாவியின் ஆங்கிலத் தொகுதியொன்றை அது வெளியிட்டது. பெரிய தாளில் பார்க்கும்போதுதான் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகளின் நயம் விளங்குகிறது. சிறிய புத்தகத்தில் அவற்றில் பாதியை நாம் பார்த்ததேயில்லை எனலாம்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும், அத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஒரு சொல். ஆங்கில வாக்கியத்துக்காக வரைந்த பேச்சுக் குமிழுக்குள் தமிழ் வாக்கியம் எளிதில் அடங்காது. ஆகையால் அன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் சொற்களைச் சுருக்கினார்கள்; அந்நெருக்கடியிலிருந்து ஒரு துடிப்பான நடை பிறந்தது. ‘ஸ்டீல் கிளா’ என்பதை எஃகு நகம் என்று நேராகப் பெயர்த்திருந்தால் யார் நினைவில் நின்றிருக்கும்? பெயரின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு இன்னொரு சான்று: லீ ஃபாக் 1936-இல் படைத்த முகமூடி வீரர் ஃபாண்டமும் ராணி காமிக்ஸில் மாயாவியே ஆனார். இரு மாயாவிகளையும் குழப்பிக்கொண்ட சிறுவர்கள் அந்நாளில் ஏராளம். பழைய நடையைப் புதுப்பிக்க வேண்டுமென்று சிலர் கூறுகின்றனர். அச்சுப்பிழைகளைத் திருத்துவது போதும், நடையைத் தொட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

எனினும் எல்லாவற்றையும் போற்றிவிட முடியாது. ஃபாண்டம் கதைகளில் ஆப்பிரிக்கக் காட்டுவாசிகள் வெள்ளை வீரரின் காவலுக்குக் காத்திருப்போராகவே பெரும்பாலும் வருகின்றனர். அக்காலத்தில் நாம் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பக்கங்களைக் கிழித்தெறிவதிலும், பேரப்பிள்ளையுடன் அமர்ந்து, இப்படி எழுதியது ஏன் என்று பேசுவது மேல்.

இத்தொகுப்புகள் பெரும்பாலும் சந்தா வழியாகவும் புத்தகக் கண்காட்சிகளிலும் விற்பனையாகின்றன. மலைப்பகுதிக்கும் அஞ்சலிலோ கூரியரிலோ வரவழைக்கலாம். கெட்டி அட்டைத் தொகுதியின் விலை, தோட்டத்தில் கூலி வேலை செய்வோருக்குச் சுமையே. நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஊர் நூலகத்தில் தமிழ்ப் பகுதிக்கு ஒன்று கேட்கலாம். முதன்முதலாகத் தமிழ் எழுத்துக் கூட்டும் பிள்ளைக்கு முழுத் தொகுதியையும் ஒரேயடியாகத் தந்துவிடாமல், இரவுக்கு இரண்டு தவணை என்று படிக்கச் செய்யுங்கள். எஃகுக் கை எங்கே தொங்குகிறது என்று படத்தில் தேடிவிட்டு, அடுத்த குமிழை அப்பிள்ளை தானே வாய்விட்டுப் படிக்கும்.