தாம்பரம் டூ கன்னியாகுமரி: தனியாக சைக்கிளில் போகலாம்... ராத்திரி எங்கே தூங்குவது?

தாம்பரத்தில் இருந்து கன்னியாகுமரிக்கு ரோடு வழியாக 650 கி.மீ.க்கு மேல். ஒரு நாளைக்கு 80 கி.மீ. ஓட்டினால் எட்டு, ஒன்பது நாளில் போய்விடலாம். வார இறுதியில் ஈ.சி.ஆரில் 100 கி.மீ. மிதித்துவிட்டு திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கு இது எட்டாத தூரம் கிடையாது. ஆனால், தனியாகக் கிளம்ப நினைக்கும் பலரும் ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ‘ராத்திரி எங்கே தூங்குறது?’

லாட்ஜ் இருக்கும் ஊர்களாகப் பார்த்துப் போனால் சிக்கல் இல்லை. டென்ட்டுடன் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

இதற்கு முன் யார் போனார்கள்?

1923-ம் ஆண்டு அக்டோபர் 15 அன்று பம்பாயில் இருந்து இளைஞர்கள் சிலர் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் மூன்று பேர் சுற்றை முடித்து 1928-ல் ஊர் திரும்பினர். வங்காளத்தைச் சேர்ந்த ராம்நாத் பிஸ்வாஸ் 1931-ல் சிங்கப்பூரில் இருந்து தன்னந்தனியாக உலகப் பயணத்தைத் தொடங்கினார்.

நம் காலத்து உதாரணம், புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்னி. 2018-ல், 20 வயதில், 159 நாட்களில் சுமார் 29,000 கி.மீ. ஓட்டினார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தொடங்கி 14 நாடுகளைக் கடந்தார். பெரும்பகுதி தூரம் தனியாகத்தான். கனடாவில் கரடி துரத்தியது. ஸ்பெயினில் கத்தியைக் காட்டி வழிப்பறி செய்தார்கள். ரஷ்யாவின் பனியில் பல இரவுகள் தனியாக டென்ட்டில் தங்கினார்.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். விலங்கு, திருட்டு, குளிர். கூட ஒரு ஆள் இருந்தால் பாதியாகக் குறைந்துவிடும் பிரச்னைகள் இவை. தனியாகப் போனால் டாய்லெட்டுக்குப் போகும்போது சைக்கிளைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. அதனால் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அன்றைய நாளின் மிக முக்கியமான முடிவு.

டென்ட் எங்கே போடக் கூடாது?

முதல் பதில், காடு. காப்புக்காடு, சரணாலயம் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. நம்ம ஏரியாவிலேயே வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள் இருக்கின்றன. ‘ஊருக்குப் பக்கத்துலதானே இருக்கு’ என்று உள்ளே போய்விடக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளே வந்தன.

ஏரிக்கரையும் ஆற்றுப்படுகையும் போட்டோவுக்கு அழகு. ஆனால் இரவில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கடற்கரையிலும் இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது, போலீஸ் வந்து எழுப்பிவிடும். நெடுஞ்சாலை ஓரம் லாரிகள் நிற்கும் இடம் வேண்டவே வேண்டாம்.

அப்போ எங்கே போடலாம்?

மேலை நாடுகளில் இருப்பதுபோல ஊருக்கு ஊர் கட்டண கேம்பிங் மைதானங்கள் இங்கே கிடையாது. இங்கே வேலை செய்வது ஒரே வழி: கேட்பது. பெட்ரோல் பங்க் வளாகம், கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், ஊராட்சி அலுவலகத் திண்ணை என எதுவாக இருந்தாலும் பொறுப்பில் இருப்பவரிடம் நேரில் கேட்டு, அனுமதி வாங்கிய பிறகே டென்ட்டைப் பிரிக்க வேண்டும். ‘அண்ணே, சைக்கிள்ல கன்னியாகுமரி போறேன். காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவேன்’ என்று எப்போது கிளம்புவோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்குத் தயக்கம் குறையும்.

வழிப்போக்கர் தங்க இடம் கேட்பது நம் ஊருக்குப் புதிது அல்ல. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயர் இன்றும் நிலைத்திருப்பது, அவர் அமைத்த சாலைகளாலும் சத்திரங்களாலும்தான்.

நேரம் முக்கியம். டிசம்பரில் 5.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நான்கரை மணிக்கே இடம் தேட ஆரம்பித்தால், ஒருவர் மறுத்தாலும் அடுத்த ஊரில் கேட்க வெளிச்சம் மிச்சமிருக்கும்.

பெண்கள் தனியாகப் போக முடியுமா?

போயிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஆஷா மாளவியா 2022 நவம்பரில் போபாலில் இருந்து கிளம்பி, நாடு முழுவதும் தனியாக சைக்கிளில் சுற்றினார். தமிழகத்துக்கும் வந்தார். பெண்கள் தனியாகப் பயணிக்க முடியும் என்று காட்டுவதுதான் அந்தப் பயணத்தின் நோக்கமே.

அதற்காக ரிஸ்க் இல்லை என்று அர்த்தம் அல்ல. குடும்பம் இருக்கும் வீட்டு வாசல் அல்லது லாட்ஜ் அறை கிடைத்தால் டென்ட்டை மூட்டையிலேயே விட்டுவிடலாம். லைவ் லொகேஷனை வீட்டில் இருவருக்காவது பகிருங்கள். சோஷியல் மீடியாவில் மட்டும் இன்றைக்கு இருக்கும் இடத்தை நாளைக்குப் போடுங்கள். அவசர எண்கள்: போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, பெண்கள் உதவிக்கு 181, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

எந்த ரோடு, எந்த மாதம்?

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு வரையிலான ஜி.எஸ்.டி. ரோடுதான் மொத்தப் பயணத்திலும் கடினமான பகுதிகளில் ஒன்று. பெருங்களத்தூர், கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று பஸ்ஸும் லாரியும் விடாமல் வரும். விடியற்காலையில் இந்த 30 கி.மீ.யைக் கடந்துவிடுவது நல்லது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மே மாதம் அக்னி நட்சத்திரம். ஜனவரி, பிப்ரவரிதான் டென்ட்டுக்கு ஏற்ற மாதங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

கம்பி நட்டு இழுத்துக் கட்டும் டென்ட், சிமெண்ட் தரையில் நிற்காது. நமக்குக் கிடைக்கும் இடமோ பெரும்பாலும் சிமெண்ட் தரைதான். தானாக நிற்கும் வகை டென்ட்டாக, காற்று வர கொசுவலை இருப்பதாகப் பாருங்கள்.

விலை கூடிய சைக்கிள்களில் பிரெஸ்டா வால்வு இருக்கும். ரோட்டோர பஞ்சர் கடை கம்ப்ரசரில் அதற்கு நேரடியாகக் காற்று பிடிக்க முடியாது. சின்ன அடாப்டர் ஒன்று, இரண்டு ஸ்பேர் ட்யூப், கை பம்ப் கட்டாயம். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், பின் விளக்கு, பவர் பேங்க், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மறக்காதீர்கள். சைக்கிளைப் பூட்டும் செயினின் இன்னொரு முனை டென்ட்டுக்குள் உங்கள் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

முதலில் ஒரே ஒரு ராத்திரி

நேராகக் கன்னியாகுமரிக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாக மாமல்லபுரம் போங்கள். தாம்பரத்தில் இருந்து சுமார் 50 கி.மீ. வளாகத்துக்குள் டென்ட் போட அனுமதிக்கும் ரிசார்ட்டோ ஹோம்ஸ்டேவோ இருக்கிறதா என்று முன்பே போனில் கேட்டுவிடுங்கள். தூக்கம் வராவிட்டால் அறைக்கு மாறிக்கொள்ளலாம். ஞாயிறு காலை திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகத் திரும்பலாம். முடியவில்லையா? ஒரு குட்டி யானை வண்டி பிடித்தால் சைக்கிளோடு வீடு வந்து சேரலாம்.

அந்த ஒரு இரவில் பல விஷயங்கள் புரிந்துவிடும். மூட்டையில் எது வெட்டி பாரம், எந்தச் சத்தத்துக்குத் தூக்கம் கலைகிறது, அறிமுகம் இல்லாதவரிடம் இடம் கேட்க எவ்வளவு கூச்சம் வருகிறது என்று எல்லாமே. பாரத்தை வீட்டில் இறக்கி வைத்துவிடலாம். கூச்சம், இரண்டு மூன்று இடத்தில் கேட்ட பிறகுதான் போகும்.