கூட்டு வெள்ளாமை – 7: எழுதாத குத்தகை

சென்ற வாரம் தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் இருந்தோம். அங்கே வானம் பார்த்த பூமி. இந்த வாரம் கேரளம். இங்கே தண்ணீருக்குக் குறைவில்லை. நிலம் வைத்திருப்பவருக்குத்தான் விவசாயத்தில் நாட்டமில்லை. பிள்ளைகள் வளைகுடாவில், கூலியோ எட்டாத உயரத்தில், வயல் தரிசு. அந்தத் தரிசைக் கேட்டு வாங்கி உழுதவர்கள் குடும்பஸ்ரீ பெண்கள்.

1998-ல் மலப்புரத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ, வறுமை ஒழிப்புத் திட்டம். அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில் கூடிச் சேமிப்பார்கள், கடன் கொடுத்து வாங்குவார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் சங்கக் கிருஷி என்ற கூட்டு வேளாண்மை. நான்கு முதல் பத்துப் பெண்கள் ஒரு குழுவாகி, கூட்டுப் பொறுப்பில் வங்கிக் கடன் வாங்கி, குத்தகை நிலத்தில் இறங்குகிறார்கள். ஈடு வைக்கச் சொத்து வேண்டாம். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் தலையில் விழும், அவ்வளவுதான்.

ஓணத்துக்கு வெட்ட வேண்டிய நேந்திரன் வாழையை ஐப்பசி, கார்த்திகையில் நட்டாக வேண்டும். குலை பணமாகப் பத்து மாதம் ஆகும். அதுவரை குடும்பம் ஓட வேண்டுமே! கன்று வளர்ந்து நிழல் கட்டுவதற்குள் இடையில் பயறு, வெள்ளரி, கீரை. வேலை முறைவைத்து நடக்கும். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவளின் முறையை இன்னொருத்தி பார்ப்பாள். போனவள் திரும்பி வந்து ஈடுகட்டுவாள். தனியாக வெள்ளாமை செய்பவருக்கு இந்த வசதி ஏது?

பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் இந்தக் குழுக்களையும் தனிக் குடும்பப் பண்ணைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ஹெக்டேருக்கு ஆண்டு விளைச்சல் மதிப்பு, குழுக்களிடம் சுமார் 1.8 மடங்கு. அந்தத் தனிப் பண்ணைகளில் பெரும்பாலானவை ஆண்கள் நடத்துபவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாழையில் ஜெயித்த அளவுக்கு நெல்லில் இவர்களால் முடியவில்லை. நல்ல நெல்வயல் குத்தகைக்குக் கிடைப்பது அரிது.

சிக்கலே அந்தக் குத்தகையில்தான். 1970 ஜனவரி 1 முதல் நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் கேரளத்தில் நிலப்பிரபு முறை ஒழிந்தது. உழுதவர் உடைமையாளர் ஆனார். இந்தியாவே வியந்த சீர்திருத்தம். அதே சட்டம் அதன்பின் புதிதாகக் குத்தகைக்கு விடுவதையும் தடை செய்தது. ஆகவே இந்தப் பெண்களின் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. புதர் வெட்டி, சாணமும் தழையும் போட்டு மண்ணைத் தேற்றிய பிறகு, 'அடுத்த வருஷம் நானே பார்த்துக்கிறேன்' என்று உரிமையாளர் சொன்னால் காட்டுவதற்குச் சீட்டு இல்லை. ஒரு வருஷத்துக்கு மட்டும் நிலம் உறுதி என்றால், மூன்று வருஷம் கழித்துப் பலன் தரும் உரத்தை யார் போடுவார்கள்? நீடித்த வேளாண்மை என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இளையவர்களுக்கு வேறொரு தடை இருந்தது. அயல்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு பெண்தான். அம்மா இருந்தால் மகளுக்கு இடமில்லை. 2021-ல் 18 முதல் 40 வயதுப் பெண்களுக்கெனத் துணைக்குழுக்கள் வந்தன. பட்டம் படித்த பெண் மண்வெட்டி தூக்க வருவாள் என்று நான் நம்பவில்லை. பவர் டில்லர், சிப்ஸ் தயாரிப்பு, கணக்கு, விற்பனை என்றால் வருவாள். அந்த வேலைகளைக் குழுவுக்குள்ளேயே உண்டாக்க வேண்டும்.

குத்தகைச் சிக்கலுக்குத் தீர்வாக ஆந்திரம் 2019-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உரிமையாளரின் பட்டாவுக்குப் பங்கமில்லாமல், பயிரிடுபவர் கையில் 11 மாத ஒப்பந்தம். நேந்திரனுக்கு அது போதும். நடைமுறையில் கையெழுத்துப் போட எத்தனை உரிமையாளர்கள் முன்வருகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)