முசுட்டு எறும்புக்கு வாசமே அடையாளக் கார்டு

எதற்கெடுத்தாலும் சீறி விழுபவரை “சரியான முசுடு” என்கிறோம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மரத்தில் இருக்கிறார். இலைகளை ஒட்டிப் பந்துபோல் கூடு கட்டும் சிவப்பு எறும்புதான் முசுடு. முசுறு என்றும் சொல்வார்கள். மலாய்க்காரர்களுக்கு அது கெரெங்கா.

கோல சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மார் கழுத்திலும் காதிலும் அது விழுந்து கடிப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். அந்த எரிச்சல் எளிதில் அடங்காது.

ஆனால், இவ்வளவு கோபக்கார எறும்பு தன் கூட்டத்தாரைக் கடிப்பதில்லை. ஒரு கூட்டம் பல மரங்களில் பரவி, பல கூடுகளில், லட்சக்கணக்கில் வாழும். இத்தனை பேரில் யார் நம்மவர், யார் அந்நியர் என்று எப்படித் தெரிகிறது?

மீசை கேட்கும் கேள்வி

எறும்பின் உடல்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. ஹைட்ரோகார்பன் எனப்படும் பல வேதிப்பொருள்களின் கலவை அது. வேறு வேறு கூட்டங்களில் பெரும்பாலும் அதே பொருள்கள்தான் இருக்கும், அளவுதான் மாறும். ஒரே மசாலா சாமான்களை வைத்து வீட்டுக்கு வீடு வேறு மணத்தில் குழம்பு வைப்பதில்லையா, அதுபோல.

இரண்டு எறும்புகள் சந்தித்தால் மீசையால் ஒன்றையொன்று தடவிப் பார்க்கும். மணம் ஒத்துப்போனால் வழிவிடும். ஒத்துப்போகாவிட்டால் காலைப் பிடித்து இழுக்கும் சண்டைதான்.

இந்த மணம் பிறப்போடு மட்டும் வருவதல்ல. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த எறும்புக்கு வாசம் மிகக் குறைவு. மற்றவர்கள் அதை நக்கிச் சுத்தம் செய்யும்போதும், வாயோடு வாய் உணவு ஊட்டும்போதும் கூட்டத்தின் பொதுவாசம் அதன்மேல் ஏறுகிறது. பழகப் பழகத்தான் அது நம்மவர் ஆகிறது.

எல்லைக்கும் வாசம் உண்டு. ஆப்பிரிக்காவில் வாழும் முசுட்டின் உறவுக்கார எறும்பை ஹோல்டோப்ளர், வில்சன் என்ற அறிஞர்கள் ஆராய்ந்து 1977ல் எழுதினார்கள். அந்த எறும்புகள் தங்கள் மரங்களில் கழிவுத் துளிகளை இட்டு எல்லை குறிக்கின்றன. அந்த வாசமும் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் முசுட்டைப் பற்றி 2010ல் வெளிவந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. தூரத்துக் கூட்டத்தைவிட, பக்கத்து மரத்துக் கூட்டத்திடம்தான் அவற்றுக்கு ஆத்திரம் அதிகமாம்!

தோட்டத்துக்கு என்ன லாபம்?

செம்பனைக்கும் நம் வட்டாரத்துக்கும் நூறாண்டு உறவு. 1917ல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அதுவே முதல்முறை.

செம்பனையின் பெரிய எதிரிகளில் ஒன்று, இலைத் துண்டுகளால் செய்த பையைச் சுமந்தபடி மட்டையைத் தின்னும் பைப்புழு. அந்தப் புழுவை முசுடு வேட்டையாடுகிறது. நமக்கு வடக்கே பேராக், தெலுக் இந்தான் செம்பனைத் தோட்டங்களில் நடந்து 2013ல் வெளியான ஆய்வும் இதையே ஆராய்ந்தது.

தோட்டங்களில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர்களில் நம் அம்மாக்கள் பலர். அந்த நாற்றம் ஏறிய துணியோடு அவர்கள் லயத்துக்குத் திரும்பியதை நான் மறக்கவில்லை. ஒரு புழுவை எறும்பு தின்றால் ஒரு சொட்டு விஷமாவது மிச்சம் என்று இன்று நினைக்கிறேன். குலை வெட்டுபவருக்கு அதன் கடி தொல்லைதான். அதை மறுக்க முடியாது. அதற்காகக் கண்ட கூட்டையெல்லாம் கொளுத்துவது தீர்வாகாது. வெட்டும் நாளில் நீளக் கைச்சட்டை, கழுத்தில் துண்டு என்று தற்காத்துக்கொள்ளலாம்.

கூட்டை மாற்றுமுன்

சீனாவில் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சு மரங்களைக் காக்க இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றார்களாம். வியட்நாம் பழத்தோட்டக்காரர்களும் இதை வளர்க்கிறார்கள். தாமான் வீட்டின் பின்னால் மாமரமோ ரம்புத்தானோ வைத்திருக்கும் நாமும் முயன்று பார்க்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கொன்று இங்கொன்றாகக் கூடுகளைக் கொண்டுவந்து ஒரே மரத்தில் வைத்தால் புழுவை விட்டுவிட்டு அவை தங்களுக்குள் அடித்துக்கொண்டு சாகும். முதலில் ஒரு மரத்து எறும்புகள் சிலவற்றைக் குச்சியில் ஏற்றி மற்ற மரத்தில் விடுங்கள். மீசையால் தடவிவிட்டு நகர்ந்தால் ஒரே கூட்டம். கட்டிப் புரண்டால் வேறு கூட்டம். ஒரே கூட்டத்தின் கூடுகளை மட்டும் எடுத்து, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும், போக்குவரத்தை அவையே பார்த்துக்கொள்ளும்.

அடுத்த முறை பூச்சிமருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அந்த மரத்தடியில் நில்லுங்கள். மீசையும் மீசையும் தொட்டு நலம் விசாரிக்கும் காட்சியைக் காட்டுங்கள். மருந்து தேவையா என்று பிறகு முடிவு செய்யலாம்.