வைரஸ் செய்தியில் ஆங்கிலம் கற்போம்!



ஆங்கிலம் என்றாலே நம்மில் பாதிப் பேருக்கு ஜுரம் வந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வீட்டில் நிஜமாகவே ஜுரம் வந்தபோதுதான் ஒரு ஆங்கிலச் சொல்லின் அருமை எனக்குப் புரிந்தது.

2021இல் கொரோனா இரண்டாம் அலை. அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்திருந்தார்கள். அவர் ஜுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆன்லைன் கிளாசுக்காகப் போன் என் கையில் இருந்தது. 'பாசிட்டிவ்' என்று மெசேஜ் வந்தது. பாசிட்டிவ் என்றால் நல்லது என்று டிவியில் கேட்டிருக்கிறேனே! "ஆயா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம், நல்லதுன்னு வந்திருக்கு" என்று கத்தினேன். ஆயா உடனே சாமிக்குக் கற்பூரம் ஏத்திட்டாங்க. அன்று இரவு எல்லோரும் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மறுநாள் செவிலியர் அக்கா வந்து சொன்ன பிறகுதான் உண்மை தெரிந்தது. நாலு நாள் கழித்து ஆயாவுக்கும் ஜுரம். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நாலு நாள் நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்றால் தேடிய கிருமி இருக்கிறது என்று பொருள். 'நெகட்டிவ்' என்றால் அந்த டெஸ்டில் கிருமி தெரியவில்லை என்று பொருள்.

அதிலிருந்து விலங்கு வழி வரும் வைரஸ் பற்றிய செய்தி எது வந்தாலும், அதில் உள்ள ஆங்கிலச் சொல்லை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அவற்றில் சில உங்களுக்காக.

1. ஜூனோசிஸ்: விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய். 'ஜூ' என்றதும் நமக்கு வண்டலூர் ஞாபகம் வரும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விலங்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல். நம் ஊரிலிருந்து நேர் ரோடு போகும் அந்த வண்டலூர் பூங்காவில் 2021 ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற பெண் சிங்கமும், 16ஆம் தேதி ஒரு ஆண் சிங்கமும் கொரோனா தொற்றோடு இறந்துபோயின. மனிதரிடையே பரவிய அதே வகை வைரஸ்தான் அங்குள்ள சிங்கங்களிடமும் இருந்தது. மனிதரிடமிருந்து விலங்குக்குப் போனால் அதற்கு 'ரிவர்ஸ் ஜூனோசிஸ்' என்று பெயர். அவை மட்டுமா நமக்கு நோய் தருகின்றன? நாமும்தான் தருகிறோம்!

2. ரிசர்வாயர்: இதற்கு நீர்த்தேக்கம் என்றுதான் புவியியல் பாடத்தில் படித்தோம். வைரஸ் செய்தியில் வந்தால், கிருமி காலம் காலமாகத் தங்கியிருக்கும் உயிரினம் என்று பொருள். நிபா வைரசுக்கு ரிசர்வாயர் பழந்தின்னி வவ்வால். அதற்கு ஒன்றும் ஆகாது.

3. ஸ்பில்ஓவர்: வழிந்து ஓடுதல். மழைக்காலத்தில் தையூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கலங்கல் வழியாக வழியும் அல்லவா? அதுபோல ஒரு உயிரினத்தில் இருந்த வைரஸ் இன்னொன்றுக்குத் தாவுவது. 1998-99இல் மலேசியாவில் நிபா வவ்வாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 'சுங்கை நிபா' என்ற கிராமத்தின் பெயர்தான் வைரசுக்கு வந்தது.

4. கல்லிங்: நம் ஊர்க் கல் இல்லை! நோய் பரவாமல் இருக்க விலங்குகளைக் கூட்டமாக அழிப்பது. மலேசியாவில் அப்போது 10 லட்சத்துக்கும் மேல் பன்றிகளை அழித்தார்கள். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழி, வாத்துகளுக்கும் இதே கதிதான்.

5. இன்குபேஷன்: அடைகாத்தல். கோழி முட்டைமேல் உட்கார்ந்திருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே குஞ்சு வளரும். அதேபோல வைரஸ் உடம்புக்குள் போய், காய்ச்சல் வெளியே தெரியும் வரை உள்ள காலம். நிபாவுக்குப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள்.

6. குவாரன்டைன்: இத்தாலி மொழியில் நாற்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. பிளேக் நோய்க்குப் பயந்து வெனிஸ் நகரத்தில் கப்பலில் வந்தவர்களை 40 நாள் ஒதுக்கி வைத்தார்கள். இப்போது நாள் கணக்கு நோய்க்கு நோய் மாறும், பெயர் மட்டும் நாற்பதிலேயே நின்றுவிட்டது.

7. வேக்சின்: 'வாக்கா' என்றால் லத்தீன் மொழியில் பசு. 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலை வைத்துப் பெரியம்மையைத் தடுத்தார். அதனால் தடுப்பூசிக்கே பசுவின் பெயர் வந்துவிட்டது. நோய் தந்தது மட்டுமல்ல, மருந்துக்கு வழி காட்டியதும் விலங்குதான்.

8. அவுட்பிரேக்: ஓரிடத்தில் திடீரென்று நோய் கிளம்புவது. 2018 மே மாதம் கேரளாவில் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா கிளம்பியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி. நோயாளியைக் கவனித்ததில் அவருக்கும் தொற்றிவிட்டது. இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு லினி ஞாபகம்தான் வரும்.

9. எக்ஸ்போஷர்: கிருமி நம்மேல் படும் நிலைமைக்கு ஆளாவது. நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும் எக்ஸ்போஷர்தான். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக்கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். வெறிநோய் வந்த பிறகு காப்பாற்றுவது மிக மிக அரிது. அடிப்பார்களே என்று பயந்து வீட்டில் சொல்லாமல் இருக்காதீர்கள்!

இதைப் படித்துவிட்டு வவ்வாலைக் கண்டால் கல்லெடுத்து அடிக்காதீர்கள். இலுப்பை விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்புவதே அதுதான். அதை அதன் மரத்தில் விட்டுவிடுவோம். நாம் செய்ய வேண்டியது, கடிபட்ட பழத்தைத் தொடாமல் இருப்பது. "அணில் கடிச்சது இனிக்கும்" என்று நாமே பொறுக்கித் தின்கிறோம். கடித்தது அணிலா வவ்வாலா என்று பழத்தில் எழுதியா இருக்கிறது?

என் முறை இதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல். மேலே சொல், கீழே அது வந்த செய்தி, அதற்குக் கீழே தமிழ்ப் பொருள், கடைசியில் நானே எழுதிய ஒரு ஆங்கில வாக்கியம். பொருள் சந்தேகமாக இருந்தால் ஆங்கில டீச்சரிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டில் சொல்வேன். அரைகுறையாகத் தெரிந்து சொன்னால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேனே!

உங்களுக்கு ஒரு கேள்வி: 'பேஷன்ட்' என்றால் நோயாளி. அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. நோயாளிக்கும் அது வேண்டும், ஆங்கிலம் படிக்கிற நமக்கும் வேண்டும். அது என்ன? விடை அடுத்த இதழில்.



– 9ஆம் வகுப்பு மாணவி, கேளம்பாக்கம்