இடுப்பு எலும்பு முறிவு நோயாளிக்கான செவிலியப் பராமரிப்புத் திட்டம்

இடுப்பு எலும்பு முறிவு நோயாளிக்கான செவிலியப் பராமரிப்புத் திட்டம் என்பது, தொடை எலும்பின் மேல்முனை முறிந்த ஒருவருக்கு, மருத்துவமனையில் சேர்ந்த நேரம் முதல் வீடு திரும்பும் வரை என்னென்ன செவிலியப் பணிகள், எதற்காக, எப்போது செய்யப்பட வேண்டும் என்பதை எழுதி வைக்கும் ஆவணமாகும். மதிப்பிடல், பிரச்சினைகளை இனங்காணல், திட்டமிடல், செயற்படுத்தல், மீள்மதிப்பீடு ஆகிய ஐந்து படிகளில் இது அமைகிறது.

எலும்பைப் பொருத்துவது அறுவை மருத்துவரின் பணி. ஆனால் இந்நோயாளிகளின் உயிருக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி எலும்பிலிருந்து வருவதில்லை. படுத்தே கிடப்பதால் வரும் நிமோனியா, காலில் இரத்த உறைவு, படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று ஆகியவையே அவர்களை வீழ்த்துகின்றன. முதியவருக்கு ஏற்கெனவே இருக்கும் இதய, நுரையீரல் நோய்களும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பல நாடுகளின் கணக்குகளில், இம்முறிவு ஏற்பட்ட முதியோரில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். எனவே நோயாளியைப் பாதுகாப்பாகவும் விரைவாகவும் படுக்கையிலிருந்து எழுப்புவதே இத்திட்டத்தின் மையமாகும்.

முறிவின் வகை

பேச்சுவழக்கில் 'இடுப்பு எலும்பு' என்றாலும், முறிவது இடுப்பு வளையம் அன்று. தொடை எலும்பின் கழுத்து அல்லது அதற்குச் சற்றுக் கீழுள்ள பகுதி. குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியின் ஒரு கால் குட்டையாகவும், பாதம் வெளிப்புறம் திரும்பியும் இருந்தால் இம்முறிவை ஐயுற வேண்டும்.

கழுத்துப் பகுதி மூட்டுறைக்குள் உள்ளது. அங்கு முறிந்து விலகினால் எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சேதமடைகின்றன. எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு மிகுதி. அதனால் முதியோருக்குப் பெரும்பாலும் முறிந்த தலையை அகற்றிச் செயற்கைத் தலை பொருத்துவர். கழுத்துக்குக் கீழே முறிந்தால் உலோகக் கம்பி, திருகு அல்லது தகடு கொண்டு நிலைநிறுத்துவர். எந்த அறுவை செய்யப்பட்டது என்பதைத் திட்டத்தின் முதல் வரியிலேயே குறிக்க வேண்டும். பின்னர் எப்படி உட்காரலாம், எவ்வளவு எடை ஊன்றலாம் என்பவை அதையே பொறுத்தவை.

நாட்டுக் கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உள்ளது. இந்த முறிவைப் பொறுத்தவரை அது மிகத் தீங்கானது. விலகிய கழுத்து முறிவு கட்டினால் ஒட்டுவது அரிது. படுக்கையோ தன் வேலையைக் காட்டிவிடும்.

அறுவைக்கு முன்

பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவமனையில் சேர்ந்த அன்றோ மறுநாளோ அறுவை செய்யப்பட வேண்டும் என்கிறது. காத்திருக்கும் நேரத்தில் முதல் கடமை வலியைத் தணித்தலாகும். மருந்து கொடுத்து 30 நிமிடங்களுக்குள் வலி குறைந்ததா என்று மீண்டும் பார்க்க வேண்டும். நினைவாற்றல் குன்றியவர் வலியைச் சொல்லமாட்டார். முகச் சுளிப்பையும், காலைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவதையும் கொண்டு அறிய வேண்டும்.

பட்டினி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திட உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும், தெளிந்த நீரை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தினால் பொதுவாகப் போதும். அறுவை அரங்கில் நேரம் தள்ளிப்போகும்போதெல்லாம் ஒரு முதியவர் காலை முதல் மாலை வரை தண்ணீரின்றிக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. நேரம் மாறினால் உடனே மயக்கவியல் மருத்துவரிடம் கேட்டு நீராவது கொடுக்க வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதிவைப்பது நல்லது.

குறிக்கோளை எழுதும் முறை

ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதியவர்களுக்கு இப்பகுதி எளிதில் விளங்கும். 'மாணவர் பாடத்தைப் புரிந்துகொள்வார்' என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது; அளந்து பார்க்க இயலாது. அதுபோலவே 'நோயாளி நலமடைவார்' என்பது குறிக்கோள் அன்று. 'அறுவைக்கு மறுநாள் மாலைக்குள், ஒருவர் துணையுடன் வாக்கரைப் பிடித்து நாற்காலி வரை நடப்பார்' என்பதே குறிக்கோள். யார், என்ன, எந்த அளவு, எப்போது என்ற நான்கும் அதில் உள்ளன. மாலையில் பணிக்கு வரும் அடுத்த செவிலியர் அதைப் படித்து, நடந்தாரா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் எழுதலாம். இல்லை என்றால் காரணம் எழுத வேண்டும்: வலியா, தலைச்சுற்றலா, பயமா? காரணத்தைப் பொறுத்துத் திட்டம் மாறும்.

அறுவைக்குப் பின்

மருத்துவக் காரணம் ஏதும் தடுக்காவிடில் மறுநாளே நோயாளியை எழுப்பி நிற்க வைக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பாக வலி மருந்து கொடுத்துவிட்டால் இயன்முறை மருத்துவரின் வேலையும் எளிதாகும். கால்விரல்களையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்லிப் பார்ப்பது அவசியம். பாதம் தொங்கினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

படுக்கைப்புண் வாய்ப்பை அளக்க 1987இல் வெளியான பிரேடன் அளவுகோல் பயன்படுகிறது. ஆறு கூறுகளுக்கு 6 முதல் 23 வரை மதிப்பெண்; குறையக் குறைய ஆபத்து மிகுதி. முதுகுத்தண்டின் அடிப்பகுதியை எல்லோரும் பார்ப்பர், குதிகாலை மறந்துவிடுவர். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும்.

இரத்த உறைவைத் தடுக்கும் ஊசி பல இடங்களில் ஏறத்தாழ ஒரு மாதம் தொடரும். சிறுநீர்க் குழாயை இயன்றவரை விரைவில் அகற்ற வேண்டும். வலி மருந்துகளால் மலச்சிக்கல் வருவது உறுதி என்றே கொண்டு முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும்.

அதிகம் தவறவிடப்படுவது திடீர் மனக்குழப்பம். கூச்சலிடும் நோயாளியை எல்லோரும் கவனிப்பர். பேசாமல், உண்ணாமல் சோர்ந்து கிடப்பவரைப் பார்த்து, 'பாட்டி நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவர். இதுவும் மனக்குழப்பமே. வலி, நீர்க்குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தொற்று, ஆக்சிசன் குறைவு ஆகியவற்றுள் எது காரணம் என்று தேட வேண்டும். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவித்தல், பகலில் வெளிச்சம், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருத்தல் ஆகியவை பெரிதும் உதவும்.

வீடு திரும்புதல்

செயற்கைத் தலை பொருத்தியவர்களுக்கு, மூட்டு நழுவாதிருக்க, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது எனப் பொதுவாக அறிவுறுத்துவர். நம் வீடுகளில் இதன் பொருள்: பாயில் படுத்து எழுதல் இல்லை, சம்மணமிடுதல் இல்லை, குந்தும் கழிப்பறை இல்லை. கட்டுப்பாடுகள் எவ்வளவு காலம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நாற்காலிக் கழிப்பறை இல்லாத வீட்டுக்கு, நடுவில் துளையுள்ள நாற்காலியையாவது நோயாளி வீடு வரும் முன்பே வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். ஈரத்தரை, கால் இடறும் மிதியடி, இருட்டான நடை ஆகியவற்றையும் அதற்குள் சரிசெய்ய வேண்டும்.

நின்ற உயரத்திலிருந்து விழுந்து முறிந்த எலும்பு பெரும்பாலும் எலும்புப்புரையால் நலிந்த எலும்பு. ஆகவே கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுடன் அலெண்ட்ரோனேட் போன்ற வார மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம். அதைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் நீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காப்பியும் கூடாது. வீட்டில் மாத்திரை கொடுக்கப்போவது மகளோ மருமகளோ பேரனோ, அவரையே அழைத்து இதைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து கேட்க வேண்டும்.