ரூட்டர் கண் விழிக்கும் அந்த ரெண்டு நிமிஷம்!



கரெண்ட் போய் வந்தவுடன் நம் கம்ப்யூட்டர் லேப்பில் கேட்கும் முதல் குரல் எது? "சார், நெட் வரல!" என்பதுதான். உடனே யாராவது ஓடிப்போய் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவாங்க. பாவம், அது மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அது சும்மா இருக்குன்னு நினைக்காதீங்க. என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தபால் ஆபீஸில் பின்கோடு பார்த்துக் கடிதங்களைப் பிரிப்பதுபோல, முகவரியைப் பார்த்துத் தகவலை எந்த வழியில் அனுப்பலாம் என்று முடிவு செய்யும் கருவிதான் ரூட்டர். அதுவும் ஒரு கம்ப்யூட்டரே. பிராசஸர், மெமரி எல்லாம் உண்டு. மானிட்டரும் கீபோர்டும்தான் கிடையாது.

சிஸ்கோ ரூட்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதில் 4 வகை நினைவகம் இருக்கிறது.

* ரோம்: தொடக்க புரோகிராம் இருக்கும் இடம்.
* ஃபிளாஷ்: ஐ.ஓ.எஸ். என்ற இயங்குதளம் இருக்கும் இடம்.
* என்.வி.ராம்: நாம் சேமித்து வைத்த அமைப்பு விவரங்கள் இருக்கும் இடம்.
* ராம்: வேலை நடக்கும் இடம். கரெண்ட் போனால் இது மட்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும்!

முதல் படி: சுய பரிசோதனை

சுவிட்ச் போட்டதும் ரோமில் உள்ள புரோகிராம் ஓடும். பிராசஸர் சரியா, மெமரி சரியா, கேபிள் சொருகும் போர்ட்டுகள் சரியா என்று பார்க்கும். இதற்குப் பெயர் 'பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்', சுருக்கமாக 'போஸ்ட்'.

மெமரியை எப்படிச் சோதிப்பது? பொதுவான ஒரு முறை இது. ஓர் இடத்தில் 01010101 என்று எழுதித் திரும்பப் படிக்க வேண்டும். பிறகு அதே இடத்தில் 10101010 என்று எழுதிப் படிக்க வேண்டும். ஏன் ரெண்டு தடவை? ஒரு பிட் கெட்டுப்போய் எப்பவும் 1 என்றே காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அங்கே 1 எழுதியிருந்தால் அது தப்பிவிடும். ரெண்டாவது தடவை 0 எழுதும்போது வசமாக மாட்டிக்கொள்ளும்! எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த யுக்திதான்.

இரண்டாம் படி: இயங்குதளத்தை ஏற்றுதல்

அடுத்து 'பூட்ஸ்ட்ராப்' என்ற சிறு புரோகிராம் ஃபிளாஷில் ஐ.ஓ.எஸ்.ஸைத் தேடும். பெரும்பாலான மாடல்களில் அது சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை விரித்து ராமில் ஏற்றும். ஒரு கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தால் திரையில் ##### என்று வரிசையாக ஓடும். நேரம் பிடிப்பது முக்கியமாக இங்கேதான்.

மூன்றாம் படி: அமைப்பைப் படித்தல்

கடைசியாக என்.வி.ராமில் உள்ள விவரங்களை ராமுக்குக் கொண்டுவரும். எந்த போர்ட்டுக்கு எந்த முகவரி, எந்த வழி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அப்புறம்தான் வேலை தொடங்கும். நாம் செய்த மாற்றத்தை என்.வி.ராமில் சேமிக்காமல் விட்டால், கரெண்ட் போனதும் அதுவும் போச்சு!

உங்களுக்குத் தெரியுமா?

சிஸ்கோ ரூட்டர்களில் 2102 என்ற ஹெக்ஸா டெசிமல் எண் வழக்கமான தொடக்கத்தைக் குறிக்கும். அதை 2142 என்று மாற்றினால் என்.வி.ராமைப் படிக்காமலே எழுந்துவிடும். பாஸ்வேர்டு மறந்துபோனால் இந்த வழியில்தான் உள்ளே போவார்கள். பெரிய நிறுவனங்களில் ரூட்டரைப் பூட்டிய அறையில் வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வீட்டு ரூட்டர்களில் பெயர்கள் மாறலாம். வரிசை ஏறக்குறைய இதுதான். ஒன்றை மட்டும் மறக்காதீங்க. புது மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்தால், பாதி எழுதிய நிலையில் நின்று ரூட்டர் எழாமலே போய்விடலாம்.

கெட்டுப்போன மெமரியோடு வேலை செய்தால் தகவல் தப்பாகப் போகலாம். அது யாருக்கும் தெரியாமலே போகவும் கூடும். அதனால்தான் ஊருக்கு வழி சொல்லும் முன் ரூட்டர் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது. அடுத்த தடவை கரெண்ட் வந்ததும் ஓரிரு நிமிஷம் பொறுங்க. விளக்குகள் நிலையாக எரியட்டும். அப்புறமும் வரலைன்னா, சாரைக் கூப்பிடலாம்!

- 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு