இணையதளத்தில் எழுத வேண்டாதவை

தூத்துக்குடியை முத்துநகர் என்று அழைப்பது இன்றும் வழக்கம். சென்னைக்கு நாள்தோறும் செல்லும் ரயிலுக்கும் அதுவே பெயர். ஆனால் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் 1955-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்துவந்த முத்துக்குளிப்பு, 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதன் பின்னர் அங்கே குளிப்பு நடைபெறவில்லை. 1973-ல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் கருமணியை வைத்து முத்தை வளர்த்தெடுப்பதில் வெற்றி கண்டனர். அது அரிய சாதனை. எனினும் அது வளர்ப்பு முத்து. ஆகவே, "தூத்துக்குடிக் கடலில் குளித்தெடுத்த புதுமுத்து" என்று இன்று ஒரு வியாபாரி தம் இணையதளத்தில் எழுதுவாரானால், அந்த ஒரு வரியே அவருடைய ஏனைய வரிகள் மீதும் ஐயத்தை எழுப்பிவிடும்.

பழைய குளிப்பில் நடந்த விற்பனை முறை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கரைக்கு வந்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் கூறுவர். உள்ளே முத்து உண்டா, இல்லையா என்பதை எடுப்பவரும் அறியார், விற்பவரும் அறியார். விற்றது சிப்பி; கூறியதும் சிப்பி என்றே. உலகெங்கும் புகழ்பெற்ற சரக்கைக் கைவசம் வைத்திருந்தும், கண்ணுக்குத் தெரியாத முத்துக்கு எவரும் உறுதி சொல்லவில்லை.

நம் கூட்டுறவுச் சங்கங்கள் இணையதளம் தொடங்கும்போது, என்னென்ன சேர்க்கலாம் என்பதைப் பற்றியே நிர்வாகக் குழுக்களில் பேச்சு நடைபெறுகிறது. எதை விடுவது என்று கேட்பார் குறைவு. இம்மாவட்டத்துப் பொருள்களைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-லும், உடன்குடிப் பனங்கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றன. இதனால் அவ்வூர்ப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டிருக்கிறது. உரிய எல்லைக்குள் விளைவிப்பவரும் செய்பவரும்கூட, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தம்மைப் பதிவு செய்துகொண்ட பிறகே அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை பெறுவர். வேறு ஊரில் காய்ச்சிய கருப்பட்டியை வாங்கி உடன்குடிக் கருப்பட்டி என்று எழுதுவது தண்டனைக்குரிய குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உடன்குடிப் பக்கத்தில் பனையேறுகிற தொழிலாளியின் கூலியிலிருந்தே அந்தப் பொய் எடுத்துக்கொள்கிறது. கூட்டுறவாளர் ஒருவர் அதனைச் செய்யலாகாது.

கருப்பட்டியைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டியிருக்கிறது. "நீரிழிவைப் போக்கும்", "சர்க்கரை நோயாளரும் தாராளமாக உண்ணலாம்" என்னும் வாசகங்கள் விளம்பரங்களில் மலிந்து கிடக்கின்றன. பனைவெல்லத்தின் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அவ்வாசகத்தை நம்பி மருந்தைக் குறைத்துக்கொள்ளும் முதியவருக்கு நேரும் தீங்கை எந்தச் சங்கத்தின் லாபமும் ஈடு செய்யாது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன; தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. "நூற்றுக்கு நூறு கலப்பற்றது" என்பதும் இவ்வகையினதே. ஒவ்வொரு கொப்பரையையும் சோதித்தவரே அவ்வாறு எழுதலாம். பதநீர் இறக்கிய ஊரையும் காய்ச்சிய மாதத்தையும் எழுதினால் போதும். வாங்குவோர் அதனையே விரும்புகின்றனர்.

நெசவாளர் சங்கங்களுக்கும் இது பொருந்தும். கைத்தறிப் புடவைகளின் வரிசையில் ஒரே ஒரு விசைத்தறிப் புடவையைச் சேர்த்து, மேலே "கைத்தறி" என்று பொதுத் தலைப்பிட்டாலும் பிழையே. 2006 முதல் வழங்கப்பட்டுவரும் கைத்தறி முத்திரை எந்தத் துணிக்கு உண்டோ, அதன் படத்தருகே மட்டும் முத்திரையைக் காட்டுவது நேர்மை.

இனி, பலரும் கவனிக்கத் தவறுவது அங்கத்தினர்களின் விவரங்கள். நூல் பெற்றவர், கடன் பெற்றவர் பட்டியலை ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றோடு அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவதைக் கணக்கின் வெளிப்படைத் தன்மை என்று சிலர் கருதுகின்றனர். 2017-ல் மத்திய, மாநில அரசுகளைச் சார்ந்த சுமார் 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயர்களும் ஆதார் எண்களும் வெளியாகியிருந்ததை ஆதார் ஆணையமே தெரிவித்தது. பின்னர் அவை நீக்கப்பட்டன. பெரிய அலுவலகங்களிலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், ஒரே எழுத்தரை வைத்து நடக்கும் சங்கம் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்! அங்கத்தினரின் ஆதார் எண்ணைப் பகிரங்கமாக வெளியிடுவதை 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டம் தடை செய்கிறது. வரவு செலவுக் கணக்கு வெளிவரட்டும். நெசவாளியின் கணக்கு எண் பேரேட்டிலேயே இருக்கட்டும். தறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்தை வெளியிடுவதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும்.

சில விவரங்களை விடவே கூடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். இணையதளத்தின் வாயிலாக விற்பனை செய்வோர், சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறை கேட்கும் அதிகாரியின் பெயர் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் கூறுகின்றன. பல சங்கங்களின் தளங்களில் தலைவரின் பெரிய படம் முகப்பில் இருக்கிறது. குறை கேட்பவரின் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. விற்றுத் தீர்ந்த புடவையின் படமும், சென்ற ஆண்டின் தள்ளுபடி அறிவிப்பும் இருக்கும் இடத்தை அப்பெயருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.